பச்சை தோலுக்குள்ளே இருக்கிறது: படத்தில் அதை எடுக்கும் வழி

விளக்குக் கரியை ஊசியால் தோலில் ஏற்றுவதற்கு ஏன் பச்சை என்று பெயர்? திருத்தணியில் பச்சை குத்துவது என்கிறோம். எல்லை தாண்டி நகரி, புத்தூர் பக்கம் தெலுங்கில் பச்சபொட்டு. பாலக்காட்டுப் பக்கம் போனால் மலையாளத்தில் பச்சகுத்து. மூன்று மொழிக்காரர்களும் கறுப்புக் கரியைப் பார்த்துவிட்டுப் பச்சை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் தப்பாகப் பார்க்கவில்லை. அந்தப் பெயருக்கான காரணம் புரிந்தால், ஒரு போட்டோவில் இருந்து பச்சையை எப்படி நீக்குவது என்பதில் பாதி புரிந்துவிடும்.

ஊசி ஏற்றும் கரி தோலின் மேற்பரப்பில் தங்குவதில்லை. மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருப்பது. அங்கே கரி நின்றால் சில வாரங்களில் போய்விடும். அது தங்குவது அடித்தோலில், மேற்பரப்புக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே. மேலே விழும் வெளிச்சத்தில் நீலம் தோலின் மேலடுக்கிலேயே சிதறிப் பெருமளவு திரும்பி வருகிறது. சிவப்பு ஆழமாகப் போகிறது, கரியில் மாட்டிக்கொள்கிறது. திரும்பி வரும் வெளிச்சத்தில் சிவப்பு குறைந்துவிட்டதால், கறுப்புக் கரி நம் கண்ணுக்கு நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. முழங்கையின் உட்புறத்தில் ரத்தக்குழாய் நீலமாகத் தெரிவதும் இதே வழியில்தான்.

படத் திருத்தம் செய்பவருக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. கணினிப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாக, அதாவது மூன்று நிற அடுக்குகளாக இருக்கிறது. ஒன்று, குத்திய பச்சையால் அதிகம் கெடுவது சிவப்பு சேனல். பச்சை சேனல் கொஞ்சம் கெடும், நீலச் சேனல் பெரும்பாலும் தப்பித்துவிடும். போட்டோஷாப்பில் படத்தைத் திறந்து கண்ட்ரோல் 3, 4, 5 என்று வரிசையாகத் தட்டிப் பாருங்கள். சிவப்பில், குத்திய கோலம் கல்வெட்டு மாதிரி நிற்கும், நீலத்தில் அதே கோலத்தைத் தேட வேண்டியிருக்கும். கண்ட்ரோல் 2 தட்டினால் முழுப் படம் திரும்பி வரும். இரண்டாவது செய்தி இன்னும் முக்கியம். தோலின் துளை, மயிர், சுருக்கம், எண்ணெய்ப் பளபளப்பு எல்லாம் பச்சைக்கு மேலே இருக்கின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறம் மட்டும்தான் போயிருக்கிறது.

ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? படம் வந்ததும் குளோன் ஸ்டாம்ப் எடுத்து, பக்கத்துத் தோலைக் கொண்டுவந்து கோலத்தின் மேல் அப்பிவிடுகிறார்கள். பச்சை போகிறது, அதோடு சேர்ந்து அந்த இடத்தில் இருந்த உண்மையான தோலும் போகிறது. அறுபது வயது அம்மாவின் முன்கை வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று ஆல்பத்தில் உட்கார்ந்திருக்கும். முகத்தில் சுருக்கம், கையில் ஒரு வரி கிடையாது. நல்ல தோல் இருக்கும்போது அதை மூடி வேறு தோல் ஒட்டுவது வீண் வேலை.

முதலில் அளவெடுங்கள்

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. திருத்தணிப் பக்கத்து ஸ்டூடியோவுக்கு வரும் ஒரே குடும்பப் படத்தில் பாட்டியின் முன்கையில் வெளிறிய புள்ளிக்கோலம் இருக்கும், பேரன் கழுத்தில் மெஷின் போட்ட கன்னங்கரிய டாட்டூ இருக்கும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. எந்த வழி என்பதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம், எண்ணால் முடிவு செய்யலாம்.

நிறத்தை அளக்கும் ஐடிராப்பரை 5-க்கு 5 பிக்சல் சராசரியில் வையுங்கள். ஒற்றைப் பிக்சலில் வைத்தால் ஒரு மயிரோ, நாய்ஸ் என்று படத்தில் மணல்போல் சிதறும் புள்ளி ஒன்றோ கணக்கைக் கெடுக்கும். இன்ஃபோ பேனலைத் திறந்து, பச்சைக் கோட்டின் நடுவில் ஒரு அளவு, அதற்கு ஒட்டினாற்போல் நல்ல தோலில் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கோட்டை நிழலிலும் தோலை வெயிலிலும் அளந்தால் பயனில்லை.

மாநிறக் கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நல்ல தோல்: சிவப்பு 171, பச்சை 122, நீலம் 96. அதன் பக்கத்தில் பழைய பச்சைக் கோடு: சிவப்பு 118, பச்சை 108, நீலம் 93. சிவப்பில் தோலின் எண்ணைக் கோட்டின் எண்ணால் வகுத்தால் 1.45 வருகிறது. பச்சையில் 1.13. நீலத்தில் 1.03, அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சிவப்பின் இந்த விகிதம்தான் முடிவெடுக்கும் எண். 2-க்குள் இருந்தால் அடியில் உள்ள தோலை மீட்டுவிடலாம். 2-ஐத் தாண்டினால் மீட்க முயல்வது நேர விரயம். காரணம் எளிது. 1.45 மடங்கு தூக்கும்போது அங்கே இருக்கும் நாய்ஸையும் 1.45 மடங்கு தூக்குகிறோம், அது பக்கத்துத் தோலோடு கலந்துவிடும். கறுப்பு டாட்டூவில் சிவப்பு 48 என்று இருந்தால் விகிதம் 3.5-க்கு மேல். அவ்வளவு தூக்கினால் வருவது தோலல்ல, மணல். போட்டோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஃபைல் வகையான ஜேபெக் அந்த இருட்டில் நுணுக்கத்தை ஏற்கெனவே தூக்கி எறிந்திருக்கும்.

வெளிறிய பச்சைக்கு: கண்ணாடிக் காகிதத்தைக் கழற்றுவது

தோலின் மேல் வெளிர்நீலக் கண்ணாடிக் காகிதம் ஒன்றை ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். காகிதம் சிவப்பில் இவ்வளவு பங்கு, பச்சையில் இவ்வளவு பங்கு என்று வெளிச்சத்தைத் தடுக்கிறது. வெயில் படும் இடத்திலும் நிழலிலும் தடுக்கும் பங்கு ஒன்றுதான். ஆகவே காகிதத்தின் நிறத்தைக் கண்டுபிடித்து, படத்தை அதனால் வகுத்துவிட்டால் காகிதம் கழன்றுவிடும். போட்டோஷாப்பிலும், இலவச மென்பொருளான கிம்ப்பிலும் இதற்கென்றே டிவைட் என்று ஒரு பிளென்ட் மோட் (மேல் லேயர், அதாவது மேலடுக்கு, கீழுள்ள படத்தோடு கலக்கும் விதம்) இருக்கிறது. லேயர் பட்டியலில் பலர் தொட்டே பார்க்காத மோட் அது.

காகிதத்தின் நிறம் காண: ஒவ்வொரு சேனலிலும் கோட்டின் எண்ணை 255-ஆல் (சேனலின் உச்ச எண் அது) பெருக்கி, தோலின் எண்ணால் வகுக்க வேண்டும். மேலே உள்ள கைக்கு சிவப்பு 255 பெருக்கல் 118 வகுத்தல் 171, அதாவது 176. இதே கணக்கில் பச்சை 226, நீலம் 247. இந்த மூன்று எண்களையும் சாலிட் கலர் ஃபில் லேயரில் போட்டால் ஒரு வெளிர் வானநீலம் வரும். அந்தக் கையில் குத்திய பச்சையின் சொந்த நிறம் அதுதான்.

லேயரின் மோடை டிவைட் ஆக்கியதும் படம் முழுவதும் செவ்வரளி பூத்த மாதிரி சிவந்துவிடும், பயப்பட வேண்டாம். லேயரின் மாஸ்க்கை (வெள்ளையாக இருக்கும் இடத்தில் மட்டும் லேயரைக் காட்டும் மறைப்பு) தேர்ந்து கண்ட்ரோல் ஐ தட்டிக் கறுப்பாக்குங்கள். இனி வெள்ளை பிரஷ்ஷால் கோட்டின் மேல் மட்டும் வரைய வேண்டும். பிரஷ்ஷின் அகலம் கோட்டைவிட இரண்டு பிக்சல் கூடுதல், ஹார்ட்னஸ் (பிரஷ் ஓரத்தின் கூர்மை) 0 முதல் 30 வரை. கோடு ஓடும் இடத்தில் எல்லாம் தோல் திரும்பி வரும். மயிர் அப்படியே இருக்கும், சுருக்கம் அப்படியே இருக்கும். இதைக் குளோன் ஸ்டாம்ப்பால் ஒரு மணி நேரம் முயன்றாலும் கொண்டுவர முடியாது.

புள்ளிக்கோலம் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு கோடாக வரையத் தேவையில்லை. லாஸோவால் கோலத்தைச் சுற்றி வளைத்து, செலக்ட் மெனுவில் கலர் ரேஞ்ச் எடுத்து, கோட்டின் நிறத்தைக் கிளிக் செய்யுங்கள். ஃபஸினஸ் 30-இலிருந்து 50-க்குள் எங்கோ சரியாக அமையும். அந்தத் தேர்வை 2 பிக்சல் விரித்து, ஓரத்தை மங்கலாக்க 1 பிக்சல் ஃபெதர் கொடுத்து மாஸ்க்கில் வெள்ளை நிரப்பினால் வேலை முக்கால் முடிந்தது. கையில் அடர்ந்த மயிர் இருப்பவருக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி சரிப்படாது. மயிரின் இருட்டையும் அது கோடு என்று எடுத்துக்கொள்ளும். அங்கே பிரஷ்ஷே நல்லது.

விரிப்பது ஏன் 2 பிக்சல்? ஜேபெக் பெரும்பாலும் நிறத்தை வெளிச்சத்தின் பாதி நுணுக்கத்தில்தான் சேமிக்கிறது: நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி. ஆகவே கோட்டின் இருட்டு ஓரிடத்தில் நின்றாலும் அதன் நீலச் சாயம் ஓரிரு பிக்சல் வெளியே கசிந்திருக்கும். கோட்டை மட்டும் சரிசெய்தால் இரு பக்கமும் மெல்லிய நீல ஓரம் தங்கிவிடும். திரையில் கண்ணில் படாது, அச்சில் சாம்பல் கோடாக வந்து நிற்கும். விரித்த பிறகும் ஓரம் தெரிந்தால், மேலே ஒரு காலி லேயர் போட்டு, மோடை கலர் என்று வைத்து, பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து 20 முதல் 30 சதவீத ஒப்பாசிட்டியில் (அடர்த்தியில்) அந்த ஓரத்தின் மேல் மெதுவாகத் தடவுங்கள். கலர் மோட் வெளிச்சத்தைத் தொடாது, நிறத்தை மட்டும் மாற்றும்.

இந்த முறை பிசகும் இடம் பளபளப்பு. எண்ணெய் தேய்த்த கை, வியர்த்த கை, ஃபிளாஷ் நேரே அடித்த கை. தோலின் மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கரி இருக்கும் ஆழத்துக்குப் போகவே இல்லை, ஆகவே அதை வகுக்கக் கூடாது. வகுத்தால் சிவப்பு 176-க்கு மேல் இருக்கும் பிக்சல் எல்லாம் 255-இல் போய் முட்டும், கோடு இருந்த இடத்தில் ரோஜா நிறத் திட்டு வரும். தீர்வு: ஃபில் லேயரின் பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் கீழே பிளெண்ட் இஃப் இருக்கிறது. சிவப்பைத் தேர்ந்து, அண்டர்லையிங் லேயரின் வெள்ளை முக்கோணத்தை ஆல்ட் பிடித்து இரண்டாகப் பிளந்து, ஒன்றை 150-இலும் மற்றொன்றை 176-இலும் நிறுத்துங்கள். பளபளக்கும் பிக்சல்கள் தாமாக விலகிக்கொள்ளும்.

ஒரே கையில் இரண்டு வயதுப் பச்சை இருப்பதும் உண்டு. சிறுவயதில் குத்திய கோலம் மங்கியிருக்கும், பிறகு குத்திய பெயர் சற்று அடர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாக அளவெடுத்துத் தனி லேயர் போடுங்கள். ஒரே லேயரில் ஒப்பாசிட்டியை ஏற்றி இறக்கிச் சமாளிக்கப் பார்த்தால் நிறம் சரியாக வராது.

மருதாணியைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்ணின் கையில் மருதாணியும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று இருக்கும் படங்கள் வரும். மருதாணி மேல்தோலில் ஏறிய ஆரஞ்சுச் சாயம், அது தடுப்பது நீலத்தை. ஆகவே நீலச் சேனலில் மருதாணி தெரியும், சிவப்பில் பச்சை தெரியும். மருதாணியை விட்டுவிட்டுப் பச்சையை மட்டும் எடுக்கச் சொன்னால், மாஸ்க்கைச் சிவப்புச் சேனலைப் பார்த்துக்கொண்டே வரையுங்கள்.

கறுப்பு டாட்டூவுக்கு: புதிதாகத் தோல் கட்டுவது

விகிதம் 2-ஐத் தாண்டிய டாட்டூவில் அடித்தோலை மறந்துவிடலாம். இங்கே குளோன் ஸ்டாம்ப்பும் ஹீலிங் பிரஷ்ஷும்தான் ஆயுதம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், செய்வது வேறு. குளோன் ஸ்டாம்ப் எடுத்த இடத்தை அப்படியே கொண்டுவந்து வைக்கும். 2002-இல் போட்டோஷாப் 7-இல் வந்த ஹீலிங் பிரஷ் எடுத்த இடத்தின் துளைகளை மட்டும் கொண்டுவந்து, நிறத்தையும் வெளிச்சத்தையும் வைக்கும் இடத்தின் ஓரத்திலிருந்து வாங்கிக்கொள்ளும்.

அந்த ஓரம்தான் எல்லாத் தொல்லைக்கும் வேர். பிரஷ் போன தடத்தின் ஓரத்தில் மிச்ச மை இருந்தால், அந்த மையின் கறுப்பையும் ஹீலிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். "ஹீலிங் போட்டால் அழுக்காகிறது" என்று சொல்வது இதைத்தான். மெல்லிய கோடு என்றால் பிரஷ் கோட்டைவிட ஒன்றரை மடங்கு அகலமாக இருக்க வேண்டும், முழு அகலத்தையும் ஒரே இழுப்பில் மூட வேண்டும். பாதிக் கோட்டை மூடிவிட்டு மீதியைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றால் கறை உறுதி. வளையல், வாட்ச் ஸ்ட்ராப், புடவைக் கரை பக்கத்தில் இருந்தாலும் இதே கதை: பொன்னிறமும் ஜரிகையும் தோலுக்குள் வழியும். அங்கே முதலில் தோலை மட்டும் லாஸோவால் தேர்ந்துகொண்டு, தேர்வுக்குள் வேலை செய்யுங்கள். வளையலை ஒட்டிய கடைசி நாலைந்து பிக்சலுக்கு ஹார்ட்னஸ் கூடிய குளோன் ஸ்டாம்ப் போதும்.

அகலமான டாட்டூவில் ஓரமே இல்லை, எங்கே பிரஷ் வைத்தாலும் மைதான். அதற்கு வரிசை இப்படி: மேலே ஒரு காலி லேயர் போட்டு, சாம்பிளைக் கரண்ட் அண்ட் பிலோ என்று வையுங்கள். அசல் லேயரில் நேரடியாகக் கை வைக்க வேண்டாம். முதலில் எழுத்துகளுக்கு இடையே, இதழ்களுக்கு இடையே கிடக்கும் நல்ல தோல் தீவுகளைக் கண்டுபிடியுங்கள். கையில் தெலுங்கு எழுத்தில் பெயர் குத்தியிருந்தால் இது எளிது. வட்ட எழுத்து, ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு துளித் தோல் அதே வெளிச்சத்தில் காத்திருக்கும். அந்தத் தீவிலிருந்து வெளியே பரப்பிக்கொண்டு வாருங்கள். மெல்லிய கோடுகள் முதலில், அடர்ந்த திட்டுகள் கடைசியில்.

தோல் எடுக்கும் திசை மிக முக்கியம். முன்கை ஓர் உருளை. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல், நடுவில் படிப்படியான இறக்கம். கையின் குறுக்கே ஓர் அங்குலம் தள்ளி எடுத்த தோல் வெளிச்சத்தில் பொருந்தாது. கையின் நீளவாக்கில், முழங்கைப் பக்கமிருந்தோ மணிக்கட்டுப் பக்கமிருந்தோ எடுத்தால் பொருந்தும். கழுத்தில் இதற்கு நேர்மாறு: கழுத்து வரிகள் குறுக்கே ஓடுகின்றன, வரியோடு சேர்த்துக் குறுக்கேதான் எடுக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து மூன்று முறைக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரே மச்சமும் ஒரே துளைக்கூட்டமும் வரிசையாக வந்து நின்றால், சொல்லாமலே யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கையே முழுக்க டாட்டூ என்றால், மறுகை சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். அதிலிருந்து ஒரு துண்டை நகலெடுத்துக் கிடைமட்டமாகத் திருப்பி, வார்ப் என்ற கருவியால் வளைத்துப் பொருத்தி, ஓரத்தை மாஸ்க்கால் கரைக்கலாம். வெளிச்சம் எதிர்ப் பக்கத்திலிருந்து வருவது போலத் தெரிந்தால் துண்டைத் திருப்பாமலே வைத்துப் பாருங்கள்.

குளோன் முடிந்த இடம் கொஞ்சம் வழவழப்பாகவே இருக்கும், மென்மையான பிரஷ் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து துளையைக் கரைத்துவிடும். 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயரை சாஃப்ட் லைட்டில் வைத்து, ஆட் நாய்ஸில் காஸியன், மோனோக்ரோமாடிக் தேர்ந்து 1 அல்லது 2 சதவீதம் கொடுத்து, திருத்திய இடத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். பக்கத்துத் தோலை 200 சதவீதத்தில் பெரிதாக்கி ஒப்பிட்டால் போதுமா, கூடுதலா என்று தெரிந்துவிடும்.

ஃப்ரீக்வென்சி செபரேஷன் ஏன் பேயை விட்டுவிட்டுப் போகிறது

தோல் வேலை என்றதும் பலரும் முதலில் எடுப்பது ஃப்ரீக்வென்சி செபரேஷன். படத்தை இரண்டு நகலாக்கி, கீழ் நகலுக்குக் காஸியன் பிளர், மேல் நகலில் அப்ளை இமேஜ் வழியாகக் கீழ் நகலைச் சப்ட்ராக்ட் செய்து, 8 பிட் படத்துக்கு ஸ்கேல் 2, ஆஃப்செட் 128, பிறகு மேல் நகல் லீனியர் லைட்டில். கீழே நிறம், மேலே துளை என்று பிரிந்துவிடும் என்பது நம்பிக்கை. பருவுக்கும் முகத்திட்டுக்கும் நல்ல முறைதான். டாட்டூவுக்குப் போட்டால், கீழ் லேயரில் நிறத்தைச் சரிசெய்த பிறகும் டாட்டூவின் வெளிவரி மட்டும் பேய்மாதிரி நிற்கும்.

காரணம், பிளருக்கு எது மை, எது தோல் என்று தெரியாது. அதற்குத் தெரிந்தது அளவு மட்டும். புதிய டாட்டூவின் கூரிய ஓரமும் தோலின் துளையும் பிக்சல் கணக்கில் ஏறக்குறைய ஒரே அளவு, ஆகவே இரண்டும் மேல் லேயருக்கே போகின்றன. பிளரின் ரேடியஸைக் கூட்டினால் டாட்டூவின் இன்னும் பெரிய பங்கு மேலே ஏறும், நிலைமை மோசமாகும். ரேடியஸைக் குறைத்தால் துளையும் கீழே இறங்கும். நடுவில் சரியான எண் என்று ஒன்று கிடையாது. பழைய பச்சையில் மட்டும் மை காலப்போக்கில் பரவி ஓரம் மங்கியிருப்பதால் 3 முதல் 5 பிக்சல் ரேடியஸில் ஓரளவு பிரியும். ஆனால் அந்தப் பச்சைக்கு டிவைட்டே இதைவிடச் சுலபம். ஏற்கெனவே பிரித்து வேலை பாதி ஆகிவிட்டது என்றால், மேல் லேயரில் குளோன் ஸ்டாம்ப்பை எடுத்து, சாம்பிளைக் கரண்ட் லேயர் என்று வைத்து, ஹார்ட்னஸ் முழுதாகக் கொடுத்து அந்த வெளிவரியின் மேல் நல்ல துளையை வைத்துக்கொண்டே போங்கள். பேய் போய்விடும், நேரமும் போகும்.

போனும் ஏஐயும்

2023-இல் போட்டோஷாப்பில் வந்த ஏஐ கருவியான ஜெனரேட்டிவ் ஃபில் டாட்டூவை ஒரு நிமிடத்தில் எடுக்கும். சின்னப் படத்துக்கு, போன் திரைக்கு, போதும். ஆல்பத்துக்கு யோசிக்க வேண்டும். தொடக்கத்தில் அது உருவாக்கிய துண்டு 1024-க்கு 1024 பிக்சல்தான், அதைவிடப் பெரிய இடத்தைத் தேர்ந்தால் இழுத்து நிரப்பியது, அங்கே மட்டும் தோல் மெழுகாக நின்றது. சிறு துண்டுகளாகப் பிரித்துத் தேர்ந்தால் இன்றும் நல்ல விளைவு வருகிறது. தேர்வுக்குள் வளையலோ விரலோ அகப்பட்டால் அதையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வரைந்துவிடும். படம் வெளி சர்வருக்குப் போகிறது என்பதையும் படத்துக்கு உரியவர் அறிந்திருக்க வேண்டும்.

கிம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றும் குறையில்லை. டிவைட் மோட், மாஸ்க், ஹீல் டூல் எல்லாம் உண்டு. சாலிட் கலர் லேயருக்குப் பதில் ஒரு புது லேயரை அந்த மூன்று எண்களின் நிறத்தால் நிரப்பினால் அதேதான். போனில் ஸ்னாப்சீட்டின் ஹீலிங் புள்ளிகளுக்குச் சரி, கோலத்துக்குத் திட்டுத்திட்டாகும்.

எதைப் பயன்படுத்தினாலும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தில் வேலை தொடங்காதீர்கள். நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கி, நிறம் கட்டங்கட்டமாகக் கெட்டு வந்திருக்கும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கேமராவில் ரா ஃபைல் (ஜேபெக் ஆக்காத அசல் பதிவு) இருந்தால் இன்னும் நல்லது, நிறக்கசிவுத் தொல்லை பெருமளவு குறையும்.

லேபுக்கு அனுப்பும் முன்

லேப்டாப்பின் நைட் லைட்டை அணையுங்கள். மஞ்சள் திரையில் மிச்ச நீலம் கண்ணுக்குத் தெரியாது, ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும். அடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு ஹியூ சாச்சுரேஷன் லேயர் போட்டு சாச்சுரேஷனை 60 வரை ஏற்றுங்கள். படம் கண்றாவியாக இருக்கும், ஆனால் பச்சையின் மிச்சம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பளிச்சென்று காட்டிவிடும். சரிசெய்துவிட்டு அந்த லேயரை நீக்கிவிடுங்கள். நீக்க மறந்து லேபுக்கு அனுப்பினால் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

12-க்கு 18 அங்குலப் பக்கம் 300 டிபிஐயில் 3600-க்கு 5400 பிக்சல். அதில் முன்கை எவ்வளவு பெரிதாக வருமோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒரு 4-க்கு 6 பிரிண்ட் போட்டுப் பாருங்கள். ஆல்பம் முழுவதையும் திரும்ப அடிப்பதைவிட இது மலிவு.

எடுக்கக் கூடாத இடங்கள்

பாஸ்போர்ட், விசா, வேலை விண்ணப்பப் படங்களில் கை வைக்காதீர்கள். ஆளை அடையாளம் காணத்தான் அந்தப் படம், தோற்றத்தை மாற்றும் திருத்தத்தை அவை ஏற்பதில்லை. ராணுவத் தேர்வுக்குப் போகும் பையன்கள் இந்தப் பக்கம் நிறைய. முன்கையின் உட்புறம், புறங்கை தவிர மற்ற இடத்து டாட்டூவுக்குப் பொதுவாக அங்கே அனுமதியில்லை. படத்தில் எடுத்துவிட்டால் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மருத்துவப் பரிசோதனையில் பார்ப்பது படத்தையல்ல, சட்டையைக் கழற்றிய உடம்பை.

மச்சத்தைத் தொட வேண்டாம். பள்ளி டிசியில் அங்க அடையாளம் என்று எழுதியிருப்பதே அதைத்தான். முகத்தைத் தானாக மெருகூட்டும் ஆப்கள் இதில் கொஞ்சமும் யோசிப்பதில்லை. அவற்றுக்கு மச்சமும் கறை, பாட்டியின் மோவாயில் குத்திய ஒற்றைப் புள்ளியும் கறை, நெற்றியில் இரு புருவத்துக்கு நடுவே குத்திய கோடும் கறை. மாலை போட்டுச் சுவரில் மாட்டப் போகும் படத்தை அந்த ஆப்பில் ஒரு தட்டு தட்டி பிரேமுக்கு அனுப்பினால், வீட்டார் பார்த்துவிட்டு என்னவோ குறைகிறதே என்பார்கள். எது என்று சொல்லத் தெரியாது. வயதானவர்களின் பச்சையை வீட்டார் வாய்விட்டுக் கேட்டால் மட்டும் எடுங்கள். கேட்டாலும் எடுக்காத பிரதி ஒன்றைக் கூடவே கொடுங்கள்.

எடுக்கச் சொல்லி அதிகம் வருவது வரன் பார்க்கும் படங்கள், அதிலும் முன்கையில் குத்திய ஒரு பெயர். யார் பெயர் என்று ஸ்டூடியோவில் யாரும் கேட்கத் தேவையில்லை. ஆனால் வேலை முடிந்ததும் பிஎஸ்டி ஃபைலை (லேயர்களோடு சேமித்த போட்டோஷாப் ஃபைல்) அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அதைத் திறந்து திருத்த லேயரின் பக்கத்தில் உள்ள கண் ஐகானை ஒரு தட்டு தட்டினால் போதும், பழைய பெயர் முழுதாக அங்கேயே இருக்கும். எல்லா லேயரையும் ஒன்றாக்கி ஜேபெக்காக மட்டும் கொடுங்கள்.